யானை நின்ற பத்தொன்பது நிமிஷம்!

போன் அலறியது.

டெஸ்ட் லேபில் இன்வெர்ட்டர்களைச் சோதிக்கப் பன்னிரண்டு ஹீட்டர்கள் ஒரே நேரத்தில் தகித்துக்கொண்டிருந்தன. டெஸ்ட் இன்ஜினியரான அவள் மேஜைக்கு அடியில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமா ஒரு ரெக்கார்டர் குறையுது மேடம்!" வாசலில் நின்று பொருமினார் ஸ்டோர் கீப்பர். "சோப்பு டப்பா சைஸ் பெட்டி. அதுக்கென்ன கால் முளைச்சு நடந்தா போயிருக்கும்?"

"தேடித் தர்றேன் அண்ணே. போனை எடுக்க விடுங்க..."

எடுத்தாள்.

"மேடம்..." சேல்ஸ் மேனேஜர். எப்போதும் மேளம் போல முழங்கும் குரல் இப்போது கிழிந்திருந்தது. "யானை கவுத்துடுச்சு மேடம்!"

யானை என்றால் கம்பெனியின் புது இன்வெர்ட்டர். பெயர் வைத்தவரே அவர்தான். 'ஏசியைப் போடுங்க, மோட்டாரைப் போடுங்க, வாஷிங் மெஷினைப் போடுங்க... யானைங்க இது, அசையாது!' என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் சொல்வார். மின்கம்பம் இன்னும் எட்டிப் பார்க்காத புறநகரில் அவர் வீடு. கூரை முழுக்க சோலார் தகடுகள். அங்கேதான் யானைக்கு வெள்ளோட்டம்.

"என்ன ஆச்சு சார்?"

"ஏசியும் வாஷிங் மெஷினும் ஓடிக்கிட்டிருந்தது. தண்ணி மோட்டாரைப் போட்டேன்... மொத்தமும் செத்துடுச்சு. மாமாவோட ஆக்ஸிஜன் மெஷினும் சேர்ந்து..."

"ஐயோ! மாமா எப்படி இருக்கார்?"

"போயிட்டார்."

பன்னிரண்டு ஹீட்டர்களுக்கு நடுவே அவளுக்குக் குளிர்ந்தது.

"மேடம்... கேக்குதா?" குரல் ரகசியமாகத் தணிந்தது. "போலீஸ் வந்திருக்கு. உங்களைக் கூப்பிடச் சொல்றாங்க. அந்த ஏழாவது டெஸ்ட் விஷயம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்காதீங்க. சரியா?"

எவ்வளவு நல்ல மனிதர்! மாமனாரைப் பறிகொடுத்த நேரத்திலும் தன்னைக் காப்பாற்ற நினைக்கிறாரே...

அந்த நன்றி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் மீட்டர் பை. பைக்குள் லேப்டாப், அவள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்.

மொத்தம் எட்டு டெஸ்ட். ஏழாவதுதான் உயிர்நாடி. ஏசியும் வாஷிங் மெஷினும் ஓடும்போதே ஒன்றரை குதிரைத்திறன் மோட்டாரைப் போட வேண்டும். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் வழக்கத்தைவிட நாலைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். சாதா இன்வெர்ட்டர் என்றால் அங்கேயே மூச்சை விட்டுவிடும்.

இரண்டு வாரம் முன்பு, வெள்ளிக்கிழமை, மூன்று மணி, சேல்ஸ் மேனேஜரின் வீடு. மற்ற ஏழும் முடிந்திருந்தன. நாலு மணிக்கு மகளுக்கு நீச்சல் போட்டி. 'நீ வர மாட்டேம்மா, எனக்குத் தெரியும்' என்று காலையில் சொன்னாள் மகள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

பாதி சாமானை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

வழியில் ஒரு சிக்னல். சிவப்பு விளக்கு. மடியில் ரிப்போர்ட். ஏழாவது வரிசையில் பேனா தானாக எழுதியது... '54 ஆம்பியர். தாங்கியது.'

நீச்சல் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது போட்டி முடிந்து, மகள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மனசு கேட்காமல் சேல்ஸ் மேனேஜரிடம் கொட்டிவிட்டாள். அவர் சிரித்தார். "விடுங்க மேடம். திங்கக்கிழமை வந்து முடிச்சுக் குடுங்க. அதுவரைக்கும் மோட்டாரைத் தனியா போட்டுக்கறேன்."

இரண்டு திங்கட்கிழமைகள் போய்விட்டன.

தாங்கியது! ஒரே ஒரு சொல். அதற்கு விலை ஒரு மனிதரின் மூச்சு!

பெரியவரின் உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கட்டிலில் தலையணை மட்டும் குழிந்து கிடந்தது. பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். கட்டிலில் இருந்து கைக்கு எட்டாத மூலையில் அவசரத்துக்கு வைத்த சிலிண்டர், உறை பிரிக்காமல்.

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்த மேனேஜரின் மனைவி நிமிர்ந்தாள்.

"நீங்கதானே டெஸ்ட் பண்ணினீங்க அக்கா?"

"ஆமா..."

"அப்பாவை விட்டுட்டு எங்கேயும் வர மாட்டேன்னு இவர்கிட்ட எத்தனை நாள் அடம் பிடிச்சேன்! கடைசியில ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போனேன். காய்கறி வாங்க. உங்க கையெழுத்தை நம்பித்தான் அக்கா போனேன்!"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இன்ஸ்பெக்டர் வாயில் கிராம்பை அதக்கியபடி யானையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"எங்க வீட்டு இன்வெர்ட்டர் மிக்ஸி போட்டாலே மயங்கி விழுந்துடும்மா. இது பார்க்க கம்பீரமாத்தான் இருக்கு. ஏன் நின்னுச்சு?"

"லோடு தாங்கல சார்!" மேனேஜர் முந்திக்கொண்டார். "பத்தே காலுக்கு மோட்டாரைப் போட்டேன். டப்புனு போச்சு. இதோட மல்லுக்கட்டி மறுபடி ஓட வைக்க இருபது நிமிஷம் ஆச்சு. உள்ளே ஓடிவந்து பார்த்தா... மாமா..."

"கரண்ட் போனா ஆக்ஸிஜன் மெஷின் கத்துமே? கத்தலையா?"

"அலாரம் பேட்டரி தீர்ந்து போச்சு சார். புதுசு வாங்கணும்னு கழட்டி வெச்சேன்."

"சிலிண்டர்?"

"பதட்டத்துல தோணவே இல்ல சார்!" முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

"எப்போ நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு இந்த மெஷினைக் கேட்டா சொல்லாதா?"

"இது டிரையல் பீஸ் சார். மெமரி கிடையாது."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"ரிப்போர்ட்ல 'தாங்கியது'ன்னு எழுதியிருக்கே. நீங்க பார்க்கும்போது தாங்குச்சா?"

மேனேஜரின் கண்கள் விரல்களின் இடுக்கு வழியே அவளைப் பார்த்தன.

'தாங்குச்சு' என்று சொல்லிவிடலாம். 'அப்புறம் ஏதோ பழுதாகியிருக்கும்' என்றால் போதும். வேலை தப்பும். வீட்டுக் கடன், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் தப்பும்.

குழிந்த தலையணையைப் பார்த்தாள்.

"அந்த டெஸ்ட்டை நான் பண்ணவே இல்ல சார்."



"மேடம்!" மேனேஜர் பதறினார். "அதிர்ச்சியில ஏதேதோ பேசறாங்க சார்..."

"இல்ல சார், சுயபுத்தியோடதான் பேசறேன். நம்பரைக் கற்பனையா எழுதினேன். இவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். பாவம், என்னைக் காப்பாத்தப் பார்க்கறார்."

மனைவி மெல்ல எழுந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வசவு விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் கிராம்பை மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"அப்போ தாங்குமா தாங்காதான்னு இதுவரைக்கும் யாருக்குமே தெரியாது!"

"தெரியாது சார்."

"இப்போ பண்ணுங்க."

"வேண்டாம் சார்!" மேனேஜர் குறுக்கே வந்து நின்றார். "எரிஞ்சு கிரிஞ்சு போயிடும்! சாவு விழுந்த வீடு சார் இது. கொஞ்சம் மரியாதை..."

"மரியாதைக்குத்தான் தொப்பியைக் கழட்டிட்டேனே. நகருங்க."

ஏசி உறுமியது. வாஷிங் மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

அவள் யானையின் பக்கத்து மெயின் பெட்டியைத் திறந்தாள். மீட்டரை மாட்ட ஒயருக்குப் பின்னால் கையை விட்டாள்.

விரலில் ஏதோ இடித்தது.

அதை அப்போது கவனிக்க நேரமில்லை.

"மோட்டாரைப் போடுங்க!"

கான்ஸ்டபிள் கொல்லைப்புறத்தில் சுவிட்சைத் தட்டினார்.

யானை ஒரு முறை 'ம்ம்ம்' என்று முனகியது...

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு நொடி.

இரண்டு நொடி.

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்!

விளக்குகூடச் சிமிட்டவில்லை. ஏசி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தாள். உச்சம்... 57.

கற்பனையில் எழுதியது ஐம்பத்து நான்கு. மூன்றுதான் வித்தியாசம்! நிம்மதி வர வேண்டும். வரவில்லை. பொய் பலித்துவிட்டால் சொன்னவள் யோக்கியமாகிவிடுவாளா?

"தாங்குதே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இப்போ தாங்குது சார்!" மேனேஜரின் நெற்றியில் ஏசிக் குளிரிலும் வியர்வை. "காலையில வெயில் கம்மி. மேகம்..."

"வெயில் இல்லேன்னாலும் பேட்டரி குடுக்கும் சார்," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தன் வார்த்தை தனக்கே உறைத்தது.

பேட்டரி குடுக்கும். இந்த வீட்டில் இவரைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

மெயின் பெட்டிக்குள் மறுபடி கையை விட்டாள். இடித்ததைப் பிடித்து இழுத்தாள்.

சோப்பு டப்பா சைஸில் ஒரு கறுப்புப் பெட்டி. மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்... மினுக்...

ஸ்டோர் கீப்பரின் ரெக்கார்டர்!

அந்த வெள்ளிக்கிழமை அவள் விட்டுவிட்டு ஓடிய பாதிச் சாமானில் ஒன்று!

"என்னம்மா அது?"

"இந்த ஒயர்ல எவ்வளவு கரண்ட் போகுதுன்னு நொடிக்கு நொடி குறிச்சு வைக்கிற பெட்டி சார். சொந்த பேட்டரி. ரெண்டு வாரமா ஓடிக்கிட்டே இருக்கு..."

மேனேஜரின் விம்மல் சட்டென்று நின்றது. குழாயை மூடியது மாதிரி.

லேப்டாப்பில் கேபிளைச் செருகினாள். இன்றைய தேதி. காலை பத்து மணி.

"படிங்க."

"பத்து பத்துக்கு ஒன்பது ஆம்பியர். ஏசியும் ஆக்ஸிஜன் மெஷினும் மட்டும். வாஷிங் மெஷின்கூட ஓடல சார். பத்து பதினொன்னு... ஒன்பது. பத்து பன்னிரண்டு... ஒன்பது... ஒன்பது..."

"அப்புறம்?"

"பூஜ்யம்."

"மோட்டார் போட்டா?"

"போட்டிருந்தா ஐம்பதுக்கு மேல குதிச்சிருக்கணும். குதிக்கவே இல்ல. மோட்டாரை யாருமே போடல சார். லோடு ஏறாம யானை தானா நிக்காது. ஓடிக்கிட்டிருந்ததை முன்பக்க சுவிட்சுல... கையால அணைச்சிருக்காங்க."

"மறுபடி எப்போ வந்துச்சு?"

"பத்து முப்பத்தொன்னு. பத்தொன்பது நிமிஷம்."

கதவுப் பக்கம் நழுவிய மேனேஜரைக் கான்ஸ்டபிளின் தோள் தடுத்தது.

"எங்கே சார், மார்க்கெட்டிங் மீட்டிங்கா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அலாரத்துல பேட்டரி இல்லேன்னபோதே மூக்கு அரிச்சுது. இப்போ சொல்லுங்க. எதுக்கு?"

பதில் அவனிடமிருந்து வரவில்லை. மனைவியிடமிருந்து வந்தது.

"வெளிநாட்டு ஆபீஸ்ல பெரிய பதவி சார். முப்பதாம் தேதிக்குள்ள வரணும்னு லெட்டர்." அவள் குரலில் ஈரமே இல்லை. "எங்கப்பா இருக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்னு சொன்னேன்."

கணவனை நேராகப் பார்த்தாள். எட்டு வருஷம் 'நீங்க' என்று கூப்பிட்ட வாய்...

"இருக்கிற வரைக்கும்னு நான் சொன்னதை நீ தேதி குறிக்கிறதா எடுத்துக்கிட்டியாடா?"

அவன் தலை தொங்கியது.

"மூச்சு ஏற்கெனவே இழுத்துக்கிட்டுத்தானே இருந்தது..." என்று முணுமுணுத்தான். "இந்தம்மா வாயைத் திறக்க மாட்டாங்க, அந்த டெஸ்ட்டை நடக்கவே விட மாட்டாங்கன்னு நினைச்சேன்..."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவள் மேனேஜரின் மனைவி எதிரே போய் நின்றாள். என்ன சொல்வது? தான் விட்டுவைத்த ஓட்டை வழியாகத்தான் அவன் நுழைந்தான். ஏழாவது டெஸ்ட்டை ஒழுங்காக முடித்திருந்தால் இந்த யோசனையே அவனுக்கு வந்திருக்காது. மறந்துவிட்டுப் போன பெட்டி காட்டிக்கொடுத்தது. எழுதிவிட்டுப் போன பொய் வழிகாட்டிக்கொடுத்தது. இரண்டும் ஒரே நாளில், ஒரே கையால்.

"என்னை மன்னிச்சிடும்மான்னு கேக்க எனக்கு வாய் இல்ல," என்றாள்.

"கேக்காதீங்க அக்கா," என்றாள் மனைவி. "ஆனா உண்மையைச் சொன்னீங்க. அது இல்லேன்னா சீக்கிரமே நான் அவன்கூட விமானம் ஏறியிருப்பேன்," என்றாள்.

ஜீப்பருகே இன்ஸ்பெக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினாள்.

"பொய் ரிப்போர்ட் எழுதினதையும் கேஸ்ல எழுதிக்குங்க சார்."

"எழுதாம விடுவேனா? வேலைக்கு உலை வெச்சிடுமேம்மா?"

"வைக்கட்டும்."

பேனாவை எடுத்தாள். ஏழாவது வரிசையை அடித்தாள். பக்கத்தில் இன்றைய தேதி போட்டு நிதானமாக எழுதினாள்... '57 ஆம்பியர். தாங்கியது.'



இன்ஸ்பெக்டர் எட்டி அதைப் படித்தார். ஜீப்பின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊரெல்லாம் 'இது தாங்கும், தாங்கும்'னு கூவி வித்தான். அதை நம்பாத ஒரே ஆள் அவன்தான்! யானைக்கும் அடி சறுக்கும்னு கணக்குப் போட்டான்..."

கிராம்பைத் துப்பினார்.

"சறுக்கினது பாகன்!"