பின் அறைக்குப் போகும் கரண்ட்

இரத்தினம்மா இறந்த பிறகு வந்த முதல் கரண்ட் பில் குறையவில்லை. வாசற்படியில் நின்றபடியே தியாகராசா அதைப் பார்த்தார். கண்ணாடியை இடுப்புச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பின் அறையில் இப்போது ஆள் இல்லை. விடிய விடிய எரிகிற லைற் இல்லை, ஃபேன் இல்லை. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி, நாளில் பாதி நேரம் நாடு முழுவதும் கரண்டை வெட்டிக்கொண்டிருந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. தலைநகரின் வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் அந்த ஒழுங்கையில், எல்லா வீட்டாரும் பில் குறைந்துவிட்டது என்றுதான் கதைத்தார்கள்.

“பிழையா எழுதிப்போட்டாங்களாக்கும்,” என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நாளாகவே அவள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

பிள்ளைகள் இல்லாத வீடு. கப்பல் கம்பனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தியாகராசா பின் அறையை வாடகைக்கு விட்டிருந்தார். யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளிக்கிட்ட அந்த இடப்பெயர்வில் நடந்து, வன்னியில் சில மாதம் கிடந்து, டென்மார்க்கிலிருக்கும் மகளிடம் போவதற்காக விசாவுக்குக் காத்திருக்க வந்தவர் இரத்தினம்மா. தியாகராசாவைவிடச் சில வயது மூத்தவர். வந்த அன்று பின்னேரம் அவர் சுவிச்சைப் போட்டார், நூர்த்தார், திரும்பவும் போட்டார். பிறகு பல்புக்கு நேர் கீழே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“அங்க கரண்ட் நிண்டு வருசக்கணக்கு தம்பி. ஜாம் போத்தலுக்குள்ள ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் திரியும்தான். பக்கத்தில இருக்கிற ஆளின்ர முகம்கூட முழுசாத் தெரியாது.”

அதன் பிறகு அந்த அறையில் லைற் அணையவே இல்லை. பகலில் எரிந்தது. அவர் உறங்கும்போதும் எரிந்தது. பில் கூடிக்கொண்டு போனது. தியாகராசா முதலில் நயமாகச் சொன்னார், பிறகு முகத்தைச் சுளித்துச் சொன்னார். இரத்தினம்மா ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரத்துக்குள் சுவிச்சைப் போட்டுவிட்டார். கடைசியில் ஒருநாள் மின்வெட்டு நேரத்தில் தியாகராசா முன் விறாந்தைக்குப் போய், பியூஸ் பெட்டியைத் திறந்து, பின் அறையின் பியூஸைக் கழற்றிச் சாரத்து மடிப்புக்குள் செருகிக்கொண்டார். கரண்ட் திரும்பி வந்தது. ஒழுங்கை முழுவதும் வெளிச்சமாயிற்று. பின் அறை மட்டும் இருட்டாக இருந்தது.

“என்ர அறைக்கு மட்டும் ஏன் தம்பி வரேல்ல?”

“வயர் பழசு அக்கா. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவம்.”

ஆளைக் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு ஒரு பின்னேரம், பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில், பின் அறையிலிருந்து கத்தல் கேட்டது. ஒரு போத்தல் உருண்டு உடையும் சத்தம். ஜாம் போத்தல் விளக்கு சாய்ந்து நைலோன் சேலையில் பிடித்துக்கொண்டது என்று பிறகு பொலிஸார் எழுதிக்கொண்டார்கள். மின்வெட்டு நேரம் விளக்குக் கொளுத்தினவ என்று தியாகராசா சொன்னதையும் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. நகரம் முழுவதும் விளக்குக் கொளுத்திக்கொண்டிருந்த காலம்.

டென்மார்க்கிலிருந்து மகள் தொலைபேசி எடுத்தாள். வெகுநேரம் அழுதுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்கிள், அம்மா இருட்டுக்குள்ளையே கிடந்தவ?”

“கரண்ட் இல்லாத நேரம் பிள்ளை. நாங்கள் என்ன செய்யிறது?”

ரிசீவரை வைத்த பிறகும் அவருடைய கை அதிலிருந்து எழவில்லை.

பில்லுக்குக் காரணம் தேடி அவர் ஸாலிஹைக் கூப்பிட்டார். தெமட்டகொடைப் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன், நெடுநாள் பழக்கம். அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பிறிட்ஜின் கதவைத் திறந்து ரப்பரை விரலால் அழுத்தினான்.

“சேர், இதுதான் கள்ளன். ரப்பர் போய்த்து. குளிர் எல்லாம் வெளிய போற, மோட்டர் நிக்காம ஓடிக்கிட்டே ஈக்கிற.”

“நாங்கள் லைற்றெல்லாம் நூத்துத்தானே வைக்கிறம்.”

“லைற்ற நூத்து என்ன சேர் மிச்சம் வரும்? அது சின்னத் தீனி. ஒரு பல்ப் மாசம் முழுக்க எரிஞ்சாலும் பெரிசா ஒண்டும் வராது. பிறிட்ஜும் ஹீட்டரும் இஸ்திரிப்பெட்டியும்தான் திண்ற. இந்த ரப்பர் போய் ஒரு வருசமாவது ஈக்கும்.”

ஒரு வருசம். இரத்தினம்மா வருவதற்கு முன்பே. ஸாலிஹ் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். தியாகராசாவின் காதில் ஒன்றும் விழவில்லை. அவர் திறந்திருந்த பிறிட்ஜுக்கு முன்னால் நின்றார். குளிர் காலில் இறங்கியது. அந்த நாற்பது வாற்ஸ் பல்பை, அதன் மஞ்சள் வெளிச்சத்தை, அதற்கு நேர் கீழே கிடந்த கதிரையை நினைத்துக்கொண்டு நின்றார்.

ரப்பர் மாற்றினார்கள். ஹீட்டரின் வயரைக் கழற்றிவிட்டார்கள். ஜெகதீஸ்வரி இஸ்திரிப்பெட்டியைத் தொடுவதே இல்லை. அடுத்த பில் முந்தியதைவிடக் கூடிவந்தது.

மீட்டர் பார்க்க வந்த சிங்களப் பொடியன் சக்கரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கெதர கீதெனெக் இன்னவாத மாத்தயா?” வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான்.

ஆமி வீடு வீடாக ஆள் எண்ணிய சுற்றிவளைப்புக் காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். “தென்னாய்,” என்றார் தியாகராசா. இரண்டு பேர்.

பொடியன் நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டின் உட்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. மத்தியானத்தில், தெருவில் மீன்காரன் போய், காகங்களும் அடங்கி, கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போன அதிர்வும் ஓய்ந்த பிறகு, பூட்டிக் கிடந்த பின் அறைக்குள்ளிருந்து ஃபேன் சுற்றுவது போல ஓர் இழுவைச் சத்தம் வந்தது. அந்த ஃபேனை அவரே கழற்றிக் காயலான் கடைக்குக் கொடுத்திருந்தார். பல்பையும் அவரே கழற்றியிருந்தார். சுவரில் கை வைத்துப் பார்த்தார். சுவர் சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல. சில வேளை பாய் சுருட்டுகிற சத்தம், ஒருவர் தொண்டையைச் செருமுகிற சத்தம், இன்னொருவர் ‘உஸ்’ என்று அடக்குகிற சத்தம். கதவோரம் மண்ணெண்ணெய் மணம் நின்றது. அதற்கடியில் வேறொரு மணம். புழுதியும் வியர்வையும் ஈரத் துணியும் கலந்தது. பஸ் ஸ்டாண்டிலும் அகதி முகாமிலும் இருப்பது.

ஜெகதீஸ்வரிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் காலையில் அவள் பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க வெளிக்கிடுறாய்?”

“கொட்டாஞ்சேனைக்கு. தங்கச்சி வீட்டை.”

“எப்ப வருவாய்?”

அவள் பையின் சிப்பை இழுத்து மூடினாள். பிறகு, வெகு நாளைக்குப் பிறகு, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, அண்டைக்கு அவ கத்தேக்க நான் குசினியில நிண்டனான். தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். நீங்கள் பின்னுக்கு வரேல்ல. முன்னுக்கு ஓடினீங்கள். ஏனப்பா முன்னுக்கு ஓடினீங்கள்?”

சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. கத்தல் கேட்டதும் அவருடைய கால்கள் பின் அறைக்குப் போகவில்லை. பியூஸ் பெட்டிக்குப் போயின. அத்தனை நாளும் சாரத்து மடிப்பிலேயே வைத்திருந்த பியூஸை எடுத்து, அது இருந்த இடத்தில் செருகிவிட்டு, பெட்டியை மூடிவிட்டுத்தான் அவர் திரும்பினார். ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் அவருக்கு இருந்த ஒரே நினைப்பு. அவர் அறை வாசலுக்கு வந்தபோது பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், தரையில் கிடந்த இரத்தினம்மா, பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெகதீஸ்வரி கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதிப் பக்கம் நடந்தாள். அவர் கூப்பிடவில்லை.

தனி ஆளாக அவர் கரண்டைத் தொடுவதையே விட்டார். பிறிட்ஜை நிறுத்தினார். கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டார். இருட்டினால் இருட்டுக்குள்ளேயே இருந்தார்; அதுதான் நியாயம் என்று பட்டது. ஆனாலும் விறாந்தையில் மீட்டர்ச் சக்கரம் நிற்காமல் சுற்றியது. கடைசியில் அவர் மெயின் சுவிச்சையே நூர்த்தார். வீட்டுக்குள் ஒரு கம்பியிலும் இப்போது உயிர் இல்லை. சக்கரத்தின் கறுப்புக் கோடு வந்தது, போனது, வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வேகம் கூடியது.

அன்று பின்னேர மின்வெட்டு தொடங்கியபோது அவர் விறாந்தையில்தான் நின்றார். காலி வீதியின் வெளிச்சம் போயிற்று. எதிர்வீடு போயிற்று. கடல் மட்டும் கேட்டது. வெள்ளவத்தை முழுவதும் கறுத்துப் போயிருக்க, கண்ணாடிக்குப் பின்னால் மீட்டர் ‘விர்’ரென்று இரைந்தது. நெருப்புக்குச்சியைக் கிழித்துப் பார்த்தார். கறுப்புக் கோட்டைக் காணவில்லை. அவ்வளவு வேகம்.

குச்சி விரலைச் சுட்டது. கீழே போட்டார்.

அப்போதும் அவரால் தன் கையைப் பார்க்க முடிந்தது.

வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. வீட்டின் உள்ளிருந்து. குசினியைத் தாண்டி, நடையின் கடைசியில், பின் அறைக் கதவுக்கு அடியில் ஒரு மஞ்சள் கோடு. அதில் நிழல்கள் அசைந்தன. கால்கள். பல கால்கள்.

ஓடலாம். வாசல் படலை திறந்துதான் கிடந்தது. அன்றைக்கும் அவர் முன் பக்கம்தான் ஓடினார். அந்த நினைப்பு அவரைப் பிடித்துத் திருப்பியது. ஒரு தடவையாவது பின் பக்கம் போக வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுவர் சுட்டது. ஆணியில் தொங்கிய திறப்பும் சுட்டது.

பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளினார்.

பல்ப் இல்லாத ஹோல்டர் கூரையிலிருந்து தொங்கியது. அறை முழுவதும் வெளிச்சம்.

தரையில் ஆட்கள். நெருங்கி. முழங்காலோடு முழங்கால் இடிக்க. மடியில் குழந்தையோடு பெண்கள். ஒற்றைச் செருப்போடு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. சைக்கிள் சட்டத்தைக் கட்டிப் பிடித்தபடி ஒருவர். எல்லாக் கால்களிலும் சேறு. எல்லா முகமும் மேலே, வெறும் ஹோல்டரைப் பார்த்தபடி. ஒருவரும் இமைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும். சுவர் இல்லை. வரிசைக்குப் பின் வரிசை, மழையில் நனைந்த தலைகள், கடல் இருக்க வேண்டிய தூரம் வரைக்கும்.

முன் வரிசையில் இருந்தவர் திரும்பினார். பாதி முகம் இரத்தினம்மா, மற்றப் பாதி கரி.

“கோவிக்காதேங்கோ தம்பி.” வாடகைக்கு இருக்கிறவரின் அதே தயங்கிய குரல். “இடம்பெயர்ந்து வரேக்க வழியிலயே நிண்டு போன சனம். இருட்டுக்குள்ள விட்டிட்டு வர எனக்கு மனம் கேக்கேல்ல.”

தியாகராசா கதவைப் பிடித்தபடி நின்றார்.

“எல்லாரும் கொஞ்சம் அரக்கி இருங்கோ,” என்றார் இரத்தினம்மா மற்றவர்களைப் பார்த்து. “வீட்டுக்காரர் வந்திட்டார்.”

முகங்கள் இறங்கின. எல்லாம். கடைசி வரிசை வரைக்கும். அவரைப் பார்த்தன. சேற்றுக் கால்கள் ஒடுங்கின. தரை உரசியது. முன் வரிசையில், இரத்தினம்மாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் விழுந்தது.

கருகிய கையொன்று அந்த இடத்தைத் தட்டியது. மெல்ல. திரும்பத் திரும்ப. பிள்ளையை உட்காரச் சொல்வது போல.