பச்சை இல்லாமல் தழைத்த மரம்

இந்தக் காலத்து ஜனங்களை என்ன சொல்ல? கஞ்சி குடிக்கிற பிள்ளைக்குக்கூட வண்ணப் படப் புத்தகம் வேண்டுமாம். கிழித்துப் போடத்தான்! லண்டனில் காகித வண்டி ஓட்டுகிறவன் நான். எனக்குப் படிப்பும் இல்லை, புத்தகத்தில் நம்பிக்கையும் இல்லை.

அன்று படப் புத்தகத்துக்கு வண்ணம் தீட்டும் கூடத்தில் காகிதக் கட்டுகளை இறக்கினேன். நீள மேசையைச் சுற்றிச் சிறுமிகள். கறுப்பில் அச்சான படத்துக்கு ஒருத்தி மஞ்சள் வைப்பாள், அடுத்தவள் நீலம், அதற்கடுத்தவள் சிவப்பு. ஆளுக்கு ஒரு வண்ணம். ஒன்றின்மேல் இன்னொன்று பட்டால் தாள் பாழ், காது திருகப்படும்.

கடைசியில் குட்டி லோட்டி. அவளுக்குப் பச்சை. தூரிகை நுனி கூராவதற்காக எல்லாரும் அதை வாயில் வைத்துச் சப்புவார்கள். லோட்டியின் உதடெல்லாம் புண். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பச்சையில விஷம் இருக்கு. அந்தப் பச்சை பூசின காகிதத்தைச் சுவத்துல ஒட்டின வீட்டுல பூனையே செத்துப்போச்சு" என்றாள் மஞ்சள் வைக்கும் கெஸ்ஸி. வயது பத்து, வாய்க்கு மட்டும் அறுபது.

மேற்பார்வை பார்க்கும் பார்ஜெட்டர் அம்மாள் முறைத்தாள். "அப்போ மரத்துக்கு யாரு இலை வைப்பா? உன் பூனையா? முடியலேன்னா அவ வீட்டுக்குப் போகட்டும். நாளைலேருந்து வர வேண்டாம்."

"ஐயோ, வைக்கிறேன்மா!" லோட்டி அழுதுகொண்டே தூரிகையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கெஸ்ஸி அதைப் பிடுங்கினாள். பச்சைக் கிண்ணத்தை என் கையில் திணித்தாள். "தாத்தா, இதைப் பிடிங்க. நக்கிடாதீங்க!"

மரத்தின் இலைகளுக்கெல்லாம் மஞ்சள் வைத்தாள். ஊதி உலர்த்தினாள். லோட்டியிடம் வேறு தூரிகையில் நீலம் தொட்டுக் கொடுத்தாள்.

"இதுமேல லேசா வை. சப்பாதே, துணியில துடைச்சுக்கோ."

"காதைத் திருகுவாங்களே?"

"என் காதுதான் ஏற்கெனவே திருகினதாச்சே. அப்போ மஞ்சள்மேல நீலம் பட்டுப் பாழான தாள்ல பாத்தேன்டி. வை!"

லோட்டி வைத்தாள். இலை பச்சையாயிற்று. இன்னொன்று. கிளை முழுக்க. பச்சைக் கிண்ணமோ என் கையில்! தாளில் மரம் தழைத்துக்கொண்டே போகிறது. எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது.

பார்ஜெட்டர் அம்மாள் தாளை ஜன்னலருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள். "லோட்டிக்கு ஒரு நீலக் கிண்ணம் வைங்க. என்ன வேடிக்கை? வேலையைப் பாருங்க!" பச்சையை என்னிடமிருந்து வாங்கிப் பூட்டி வைத்தாள்.

லோட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"பாத்தீங்களா தாத்தா?" என்றாள் கெஸ்ஸி.

"போடி, பச்சையை எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கே."

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் உள்ளங்கைகளை விரித்தாள். வெறும் மஞ்சள்.

நம்புகிற ஆளா நான்? எங்கேயோ இன்னொரு பச்சைக் கிண்ணம் இருக்கத்தான் வேண்டும் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்து, குதிரையைத் தட்டிக்கொண்டு போனேன்.