தினமும் வருகிறவள்

கோட்டை வாசலில் அவள் பேருந்தை விட்டு இறங்கியதும், அங்கே உட்கார்ந்திருந்த பூட்டு ரிப்பேர்க்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, இப்பத்தானே உள்ள போனீங்க?"

பெரியவருக்குக் கண் பரிசோதனை தேவைதான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே நடந்தாள் கண் டாக்டர். கல்யாணமாகிப் போன பெருநகரத்தில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. ஆனாலும் மத்தியானத்தில் நோயாளிகள் ஓய்ந்ததும் கண்ணை மூடி, இந்தப் பழைய ஊரின் சந்துகளில் மனசாலேயே நடந்து, பிறந்த வீட்டு மாடி ஜன்னலோரம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் மூச்சு வரும். "உங்கம்மா ஊருக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா" என்று கணவர் மகளிடம் கிண்டலடிப்பார்.

எதுவும் மாறவில்லை. மழை ஊறிய சுண்ணாம்புச் சுவர்களின் புளித்த வாசனையும், மாடங்களுக்குள் புறாக்கள் தொண்டைக்குள்ளேயே முனகும் சத்தமும், குறுகிய சந்தில் அவள் செருப்பொலி தனக்குப் பின்னால் இன்னொருத்தி நடப்பதுபோல் ஒரு கணம் பிந்தி வருவதும் அப்படியே இருந்தன. பந்து விளையாடிய பிள்ளைகள் அவளைக் கண்டதும் உறைந்தார்கள். அப்புறம் ஓட்டம். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அவள் வீட்டில் இப்போது ஒரு தையல்காரி குடியிருந்தாள். கதவைத் திறந்தவளின் உதட்டிலிருந்து நூல் நழுவியது.

"இன்னைக்குக் கதவைத் தட்டிட்டு வர்றீங்க."

"நான் சின்ன வயசுல இங்க இருந்தவம்மா. ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

"தினமும்தானே பார்க்கறீங்க? மத்தியானமானா படியில காலடி கேட்கும். ஜன்னலோரம் உட்காருவீங்க. உங்களப் பார்த்து பயந்து என் பொண்ணு பேச்சையே விட்டுட்டா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்களை விட்டுருங்க."

மாடியில் நாற்காலி நகர்ந்தது.

திரும்பிப் போயிருக்கலாம். கால்கள் படியேறின.

அறையில் அவளுடைய கிளினிக்கின் ஸ்பிரிட் வாடை. ஜன்னலோரம் ஒருத்தி, முதுகு காட்டி. அதே புடவை. பிடரியில் அதே நரை. திரும்பினாள்.

அவளேதான். அழுது வற்றிய முகம்.

"தினமும் என்னை இங்க கூட்டிட்டு வந்து உட்கார வச்சுட்டு, நீ மட்டும் போயிடறே" என்றது அது. "ஒருநாளாவது திரும்பக் கூட்டிட்டுப் போனியா?"

எழுந்தது. அவள் தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி மாட்டிக்கொண்டது. தடுக்கக் கை வரவில்லை. அது எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கீழே வாசலில் அவள் குரல். "வர்றேம்மா. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

தெருவில் அவள் நடை. அவள் சிரிப்பு. காதில் போன். "கிளம்பிட்டேன் கண்ணு. அப்பாகிட்ட சொல்லு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சத்தமில்லை.

தையல்காரி மேலே வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அப்பாடா" என்று நெடுமூச்சு விட்டாள். ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தினாள்.

அவை கண் டாக்டரின் மணிக்கட்டுகள் வழியாகப் போய், ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. வலிக்கவில்லை.