இரண்டாம் முறை கூப்பிடும் வரை

தண்ணீர் பாட்டில் லாம்ப்ரோஸின் வாயில் இருந்தது. தலையை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் படகுத்துறைக்குக் கீழே பாறைகள் கிடக்கிற பக்கத்திலிருந்து லாம்ப்ரோஸின் குரல் “தெமெலினா” என்று கூப்பிட்டது.

கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்த தெமெலினா அப்படியே நின்றுவிட்டாள். கணவனைப் பார்த்தாள். பாட்டில் இன்னும் வாயில்தான் இருந்தது, தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாறைப் பக்கம் ஒரு ஈ காக்காய் இல்லை. கம்பியில் காயப்போட்டிருந்த ஆக்டோபஸ்கள் வெயிலில் தொங்கின. கடைகள் கதவடைத்து, ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் உச்சி நேரம். வெந்த உப்பும் டீசலும் கலந்த வாடை துறையில் அசையாமல் நின்றது. அவள் இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

அந்தத் தீவில் முதல் தடவை கூப்பிட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கதவைத் தட்டினாலும் இரண்டாவது தட்டலுக்குத்தான் எழுந்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கே காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு போவதுண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருப்பவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடுவான். கடலுக்குப் போய் எலும்புகூடக் கரை சேராதவனால், யார் குரலில் கூப்பிட்டாலும், ஒரு தடவைதான் கூப்பிட முடியும். அதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டால் போதும், பதில் சொன்னவருக்குள்ளே வர அவனுக்கு வழி கிடைத்துவிடும். இதைத் தெமெலினாவை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நெருப்பு சுடும் என்பதைப்போல இதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

லாம்ப்ரோஸுக்குத்தான் இது ஏறவே இல்லை. அவன் கடலையே பார்க்காத லாரிசா பக்கத்துச் சமவெளிக்காரன், பருத்திக்காட்டில் வளர்ந்தவன். கல்யாணம் செய்துகொண்டு தீவுக்கு வந்தபிறகுதான் படகையே தொட்டான். “ஒரு தடவைக்கு மேல கூப்பிட நான் என்ன கோயில் மணியா?” என்பான். மகள் ஸ்மாரோவையும் அப்படியே பழக்கியிருந்தான். அவன் வாயைத் திறந்து பெயரை முடிப்பதற்குள் அவள் “என்னப்பா” என்று வந்து நிற்பாள். அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான்.

“என்ன மேடம், கனவா? கயித்த விடுங்க,” என்றான் லாம்ப்ரோஸ், வாயைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்குப் படகை வாடகைக்குப் பேசியிருந்த தம்பதி வரவில்லை. முந்தின ராத்திரி எதையோ தின்று இருவருக்கும் வயிற்றோட்டம் என்று விடுதியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடியற்காலையிலேயே எழுந்து பொரித்த கறி உருண்டைகள் கூடையில் கிடந்தன. “சமைச்சது வீணாப் போகணுமா? இன்னிக்கு நாமதான் டூரிஸ்ட்,” என்று லாம்ப்ரோஸ்தான் கிளப்பினான். கோடை முழுக்க அவன் முன்பின் தெரியாதவர்களைக் கடலில் சுற்றிக் காட்டிவிட்டு இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவான். மூன்று பேரும் சேர்ந்து படகில் ஏறியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க தெமெலினாவுக்கு மனம் வரவில்லை. நெஞ்சில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். இந்த இரண்டு பேரையும் பத்திரமாகத் திரும்ப வீட்டில் கொண்டு சேர்த்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டு கயிற்றை விட்டாள்.

காற்றே இல்லை. படகு கரையை ஒட்டியே போனது. மலைச்சரிவில் காய்ந்த தைம் செடியின் வாசனை சூடாக வந்து முகத்தில் பட்டது. ஆட்டு மணிகள் கிணுகிணுத்துக்கொண்டே கூட வந்தன.

“மேடம், இடது கைப்பக்கம் பாருங்க. அது ஆடு. அதுக்குப் பக்கத்துல நிக்கறதும் ஆடு.”

“சொல்லிக்கிட்டே வா. காசு குடுத்துல்ல ஏறியிருக்கேன்,” என்றாள் தெமெலினா.

“அப்பா, அந்தக் கொம்பு ஒடஞ்ச ஆட்டுக்கு என்ன பேரு?” என்றாள் ஸ்மாரோ.

“உங்க மாமா பேருதான்.”

“என் அண்ணனை இழுக்கலன்னா உனக்குச் சாப்பாடு இறங்காதே,” என்றாள் தெமெலினா. ஸ்மாரோ விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தெமெலினாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. சாதாரணமாகக் கேட்பதுபோல், “கிளம்பும்போது நீ என்னைக் கூப்பிட்டியா?” என்று கேட்டுப் பார்த்தாள்.

“கூப்பிட்டா மட்டும் நீ பதில் சொல்லிடப் போறியாக்கும்,” என்றான் அவன்.

முனையைத் தாண்டியதும் குகை வளைவு வந்தது. செங்குத்துப் பாறைக்கு அடியில் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. பாறையின் அடிவயிற்றில் குகை வாய், படகு நுழையும் அகலம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடம் என்றால் உயிர். உள்ளூர்க்காரர்கள் யாரும் உச்சி நேரத்தில் இங்கே நங்கூரம் போட மாட்டார்கள்.

“இங்க வேணாம் லாம்ப்ரோ. அடுத்த துறைக்குப் போயிடலாம்.”

“இந்த இடத்தைக் காட்டறேன்னுதான் மேடம் பேச்சு. வாக்கு மாறினா கம்பெனி பேரு கெட்டுரும்,” என்று சொல்லிவிட்டு நங்கூரத்தைத் தூக்கிப் போட்டு இன்ஜினை அணைத்தான்.

சத்தம் அடங்கியதும் ஆட்டு மணிகளும் நின்றுபோயிருந்தது தெமெலினாவுக்குத் தெரிந்தது. சரிவில் ஆடுகள் நின்றன. ஒன்றும் தலையைக்கூட அசைக்கவில்லை. குகைக்குள்ளிருந்து ஒரு வாடை மெதுவாக வந்தது. கடற்பஞ்சை எடுத்தவுடன் குவித்துப் போட்டால் அதற்குள் இருக்கிற உயிர் செத்து அழுகுமே, அந்த வாடை. இந்தக் கரையில் முங்கிக் கடற்பஞ்சு எடுத்த ஆள்கள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிலர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்றுகூடத் தெரியாது. அவள் கூடையைத் திறந்தாள், கறி உருண்டை வாசனையிலும் அந்த வாடை ஒட்டிக்கொண்டது.

சாப்பிட்டார்கள். ஸ்மாரோ ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டாள். ரொட்டித் துண்டுகள் ஊறி, வெளுத்து, மெல்லக் கீழே இறங்கின. ஒரு மீன்கூட வரவில்லை.

“போலாம்,” என்றாள் தெமெலினா. “எனக்கு இங்க பிடிக்கலை. பயமா இருக்கு.”

அவள் முகத்தைப் பார்த்து லாம்ப்ரோஸ் கேலியை நிறுத்திக்கொண்டான். “சரி, கிளம்பிடலாம்,” என்று கயிற்றை இழுத்தான். நங்கூரம் வரவில்லை. கால் ஊன்றி இழுத்தான். கீழே எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

“பாறை இடுக்குல மாட்டியிருக்கு. இறங்கி எடுத்துட்டு வந்துடறேன்.” முங்கும்போது போடுகிற ஆரஞ்சு நிற முகமூடிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

“கயித்த அறுத்துடு. நங்கூரம் போனாப் போகட்டும்.”

“போனாப் போகட்டுமா? நல்லா இருக்கே.” ஏணியில் கால் வைத்தபடி திரும்பினான். “ஸ்மாரோ.”

“என்னப்பா,” என்றாள் அவள் உடனே.

“அம்மாவப் பாத்துக்க. ரொம்பப் பயந்து கெடக்கா.”

“ரெண்டு தடவ கூப்பிட்டா உன் வாய் என்ன தேஞ்சா போயிடும்?” என்றாள் தெமெலினா. கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் உடைந்துவிட்டது. “ஏதாவது ஒண்ணுன்னா ரெண்டு தடவ கூப்பிடு லாம்ப்ரோ. எனக்காக.”

“பாக்கலாம்,” என்று சிரித்துவிட்டு அவன் முங்கினான்.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. அவனுடைய வெளுத்த உள்ளங்கால்கள் உதைத்து உதைத்துக் கீழே போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனான். படகின் நிழலுக்குள் நுழைந்தான். நிழல் குகைப் பக்கமாக நீண்டிருந்தது. உச்சி வெயிலில் நிழல் ஏன் அவ்வளவு தூரம் நீள வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

குமிழிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் நின்றன.

மரப்பலகை வெயிலில் நெளிகிற சத்தம். ஸ்மாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். தன் காதுக்குள்ளேயே ரத்தம் ஓடுகிற சத்தம். வேறு எதுவும் கேட்கவில்லை.

கயிறு அசையவில்லை.

“தெமெலினா.”

குகைக்குள்ளிருந்து வந்தது. லாம்ப்ரோஸின் குரல், வாய் நிறையத் தண்ணீரோடு.

ஸ்மாரோ வாயைத் திறந்தாள். தெமெலினா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். குழந்தையின் மூச்சு உள்ளங்கையில் சுட்டது.

இரண்டாவது தடவை. கூப்பிடு. இன்னொரு தடவை கூப்பிடு.

அது வரவில்லை.

அவன்தான் எப்போதும் ஒரு தடவையோடு நிறுத்துகிறவன் ஆயிற்றே. அவனாக இருந்தால்? கால் மாட்டிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால்? பதில் சொன்னால் எதற்கு வழிவிடுகிறாள், சொல்லாவிட்டால் யாரைக் கொல்கிறாள்? “லாம்ப்ரோ” என்கிற பெயர் அவள் நாக்கில் வந்து நின்றது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஏணியில் ஒரு கை. பிறகு தலை, தோள். லாம்ப்ரோஸ் ஏறி வந்தான். நங்கூரம் அவனுடைய இன்னொரு கையில் இருந்தது.

“கடவுளே,” என்று தெமெலினா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் அவனை நாலு அடி அடிக்க வேண்டும்போல் இருந்தது. “உயிரே போயிடுச்சுடா எனக்கு. கண்ணாடி எங்க?”

அவன் குனிந்தான். நங்கூரத்தைச் சத்தமில்லாமல் வைத்தான். இன்ஜினைக் கிளப்பும்போதெல்லாம் அதன் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துத் திட்டாமல் அவன் கிளப்பியதே இல்லை. இன்று ஒரே இழுப்பு. கிளம்பிவிட்டது. சுக்கான் பக்கம் உட்கார்ந்தான். முதுகிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்த வாடை இப்போது படகிலேயே இருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். இவ்வளவு நேரம் முங்கியிருந்தவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வேண்டாமா. வாங்கவில்லை. அந்த மார்பு எழவே இல்லை.

“ஸ்மாரோ,” என்றான். ஒரு தடவை.

“என்னப்பா,” என்றாள் ஸ்மாரோ.

தெமெலினாவின் கை குழந்தையின் வாயில் இல்லை. எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. அவன் ஏறி வந்த சந்தோஷத்தில் எடுத்திருக்க வேண்டும். குழந்தை குதித்துக்கொண்டு போய் அவன் முழங்கால்களுக்கு நடுவில் நின்றது. அவன் குழந்தையின் கையை எடுத்துச் சுக்கான் பிடியில் வைத்து, மேலே தன் கையை வைத்தான். படகு திரும்பியது.

“தெமெலினா. தெமெலினா.”

பின்னாலிருந்து.

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவன் இரண்டு தடவை கூப்பிட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தாள். குகை வாய்க்கு வெளியே ஒரு தலை. இருமியது. தூக்கிப் பிடித்த கையில் ஆரஞ்சு நிறம்.

“தெமெலினா. தெமெலினா. நான்தான்.”

“இங்க இருக்கேன்,” என்று அவள் கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். காற்று மட்டும் வந்தது. குதித்தால் அவனிடம் போய்விடலாம். நீந்தத் தெரியும். ஆனால் குழந்தை. குழந்தை அந்தக் கைக்குக் கீழே இருந்தது.

“ஸ்மாரோ,” என்றாள் தெமெலினா. குரல் வந்துவிட்டது. “ஸ்மாரோ. அம்மாகிட்ட வா கண்ணு.”

குழந்தை திரும்பவில்லை.

படகு துறைப் பக்கம் போகவில்லை. கரை விலகிக்கொண்டே போனது. பின்னால் இருமலும் கூப்பாடும் சின்னதாகிக்கொண்டே வந்தன. இரண்டிரண்டாக. ஒவ்வொரு தடவையும் இரண்டு.

“ஸ்மாரோ. ஸ்மாரோ.”

பலகையில் தவழ்ந்து போனாள். கையை நீட்டினாள். குழந்தையின் முதுகைத் தொட்டாள். வெயிலில் நின்ற உடம்பு, சில்லென்று இருந்தது. உள்ளங்கையை அழுத்தி வைத்துக் காத்திருந்தாள். அந்த முதுகு எழவில்லை. தாழவில்லை. இன்று முழுவதும் தண்ணீரில் இறங்காத குழந்தை அது. அதன் இரண்டு பின்னல்களிலிருந்தும் கடல்நீர் சொட்டத் தொடங்கியது.