செவ்வாய்மலைச் செம்பேன்

கொழுந்து பறிக்கக் கிளம்புமுன், வழக்கம்போல தோட்டத் தொழிலாளர் எல்லோருடைய மூச்சையும் அளந்து பார்த்தார்கள். அதிகமாக மூச்சு வாங்குபவர்களுக்கு அன்று வேலை கிடையாது. செவ்வாய்க் கிரகத்தின் அந்தக் கண்ணாடிக்கூடத்தில் காற்று அவ்வளவு அருமை. உள்ளே தரை பலகைபோல மட்டம். ஆனாலும் தேயிலை இருக்கும் இடத்தை மலை என்று சொல்லித்தான் இவர்களுக்குப் பழக்கம். நிர்வாகி ஞானப்பிரகாசமும் இவர்களுக்கு இன்னும் தொரைதான்.

அந்த மலையில் இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன் விழுந்திருந்தது. இலைகள் துருப்பிடித்ததுபோல் சிவந்துவிட்டன. விஷ மருந்து அடித்தால் அந்தக் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்க வேண்டும். ஆகவே ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கூடத்தின் காற்றை மொத்தமாக உறிஞ்சி இறக்கிவிடலாம் என்று தொரை முடிவெடுத்தார். பேன் சாகும். தேயிலையும் சாகும். நாற்றிலிருந்து அந்தச் செடிகளை வளர்த்த கதிராயி அவர் முன்னால் போய் நின்றாள்.

"காத்த எறக்கிறாதீங்க தொரை. உண்ணிச்செடிக்குப் பக்கத்துல உள்ள தேயிலைய மட்டும் பேன் தொடல. அந்த எலைய அரைச்சு அடிச்சுப் பாக்குறேனே!"

"அது களைம்மா. மண்ணோட ஒட்டிக்கிட்டு வந்த சனியன்."

"சனியனே ஒதவட்டுமே தொரை."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். கதிராயி களையெடுப்பானை வழிமறித்தாள். உண்ணிச்செடியைப் பிடுங்கிக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்த இயந்திரம், கூடையை மரியாதையாக அவளிடம் நீட்டியது. இலையை அரைத்து, தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, தேயிலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்தாள். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அடுத்த கொழுந்து பச்சைப்பசேலென்று வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பேன்கள் சுருண்டு கிடந்தன. கதிராயி வாய்விட்டு அழுதாள், சந்தோஷ அழுகைதான்.

தொரைக்குத் தலைகால் புரியவில்லை. "இனி உண்ணிச்செடிதான் நம்ம பயிரு! கூடம் முழுக்க வரிசை வரிசையா நடுங்க!" என்று உத்தரவு போட்டார். பயனுள்ள ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்?

மறுநாள் காலை, களையெடுப்பான் ஒரு தேயிலைச் செடியின் தூரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

கதிராயி ஓடிவந்தாள். "அடப்பாவி, என்னா பண்ற?"

"பயிர் உண்ணிச்செடி. மற்றவை களை. களையை அகற்றுகிறேன்."

"இதையும் புடுங்கிட்டா அந்தச் சாத்த எது மேல அடிக்கிறது?"

இயந்திரம் கையை நிறுத்தியது. அதன் கட்டளையில் இதற்குப் பதில் இல்லை. கேள்வியைத் தொரைக்கு அனுப்பியது. தொரை அதைப் பூமியிலுள்ள தலைமையகத்துக்கு அனுப்பினார். மாலையில் பதில் வந்தது: 'விரிவாக ஆராயக் குழு அமைக்கப்பட்டுள்ளது. அறிக்கை வரும்வரை எந்தச் செடியையும் பிடுங்க வேண்டாம்.'

கதிராயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூமியில் குழு போட்டால் என்ன ஆகும் என்பது செவ்வாய்வரை தெரிந்த விஷயம். அவள் நிதானமாகக் கொழுந்து கிள்ள ஆரம்பித்தாள். இனி பேரன் பேத்தி காலம்வரை தேயிலைக்குக் கவலையில்லை.