கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பறவைக் காவலாளியின் மேல் அவருடைய ஏணியே விழுந்து கிடந்தது.

காலை எட்டு மணிக்கு அவரைப் பார்த்தவர் ‘பைலட்’. இந்தப் பைலட் வாழ்நாளில் ஒரு விமானத்தையும் ஓட்டியதில்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தரையிறங்கும் விமானங்களைப் படம் எடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்பதால் ஏரிக்கரைப் படக்காரர்கள் சூட்டிய பெயர் அது. அவர்தான் ஏணியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தார். காவலாளிக்கு மண்டை உடைந்திருந்தது. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது அவருக்கு இரண்டு வலிகள். ஒன்று இந்த வழக்கு. இன்னொன்று இடது கடைவாய்ப் பல். இரண்டையும் பொறுத்துக்கொண்டு மரத்தடியைச் சுற்றிவந்தார்.

ஏரியோரம் கால்கள் நட்டு உயரமாகக் கட்டிய பலகைக் குடில் ஒன்று. படக்காரர்கள் உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பது அங்கிருந்துதான். குடிலுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கயிறு. அதைத் தாண்டினால் இரண்டு மரங்கள். தூரத்து மரத்தில் மீன்கழுகு கூடு கட்டியிருந்தது. குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்டம், படக்காரர் சங்கத்தின் விதி, எல்லாமும். காவலாளி விழுந்து கிடந்தது கிட்டத்து மரத்தடியில். அதன் கிளையும் கூட்டு மரத்தின் கிளையும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு நின்றன.

வன அதிகாரி அதற்குள் தீர்ப்பே எழுதியிருந்தார்.

“ரெண்டு குஞ்சு இருந்துச்சு மேடம். இப்ப ஒண்ணுதான் இருக்கு. ஏணி அவனோடது. இந்த மரத்துல ஏறி அந்தப் பக்கம் தாவி எடுத்திருக்கான். கூட்டாளிகிட்ட குடுத்துட்டு இறங்கறப்ப விழுந்துட்டான். வேலைய விட்டுத் தூக்கச் சொல்லி மேல எழுதப் போறேன்.”

“அவரு கண்ணு முழிக்கட்டுமே சார்.”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது.”

ஏணியை எங்கே வைப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குடிலுக்கு அடியில், பூட்டெல்லாம் கிடையாது என்றார் கான்ஸ்டபிள். அப்படியானால் யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். இதை இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காவலாளியின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். உட்கார இடம் இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் இவளைக் கண்டதும் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குஞ்சு திருடிய செய்தி அதற்குள் ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டது. அந்தப் பையைப் பார்த்தபோது இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது.

“காலைல உங்ககிட்ட பேசினாராம்மா?”

“ஏழு அஞ்சுக்குப் பேசினாரு. இந்தாங்க, போன்லயே இருக்கு. ‘கயித்துக்கு அந்தப் பக்கம் நம்ம ஏணி நிக்குது, யாருன்னு பாத்துட்டு வரேன்’னாரு. வெச்சிட்டாரு.”

“இத வன அதிகாரிகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னு கேட்டாரு.”

இன்ஸ்பெக்டர் நேராகப் பைலட் வீட்டுக்குப் போனார். அவர் மேல் சந்தேகம் விழ மூன்று காரணங்கள் கையில் இருந்தன. முதலில் பார்த்தவர் அவர். ஏணி முழுக்க அவர் கைரேகை. போன வாரம் காவலாளியோடு தெருவே கேட்கும்படி சண்டை போட்டவரும் அவர்தான்.

“சண்டை எதுக்கு?”

“பிளேன் எறங்கறப்போ கயித்தத் தாண்டி ரெண்டு அடி வெச்சேன். கத்தினான். நானும் கத்தினேன்.” பைலட்டுக்கு வியர்த்தது.

“ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“கரை ரோட்டுல. ஏழு பத்துக்குச் சரக்கு விமானம் வரும். தினமும் வரும். அத எடுத்துட்டு டீ குடிச்சிட்டுத்தான் குடில் பக்கம் வந்தேன்.”

“பாத்தவங்க?”

“விமானந்தான்.”

சொல்லிவிட்டு அவரே அசடு வழிந்தார். பிறகு எதையோ விழுங்கியவர் போல, “குடில்ல பல் டாக்டர் இருந்திருப்பாரு. அவரையும் கேளுங்க. மத்தியானமே சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல படம் போட்டாச்சு. கழுகுக் கூடு. அவ்வளவு வெளிச்சம், அவ்வளவு கூர்மை. லென்ஸுக்குப் பின்னாடி டெலிகன்வெர்ட்டர்னு ஒண்ணு மாட்டி எடுத்தாராம். அத மாட்டினா வெளிச்சத்தப் பாதிக்கு மேல அதுவே தின்னுடும் மேடம். காலைல ஏழு மணிக்கு அந்த மாதிரி படம் எனக்கு வந்ததில்ல. அதிர்ஷ்டக்காரர்” என்றார்.

பொறாமை பேசுகிறதா, கண் பேசுகிறதா என்று இன்ஸ்பெக்டருக்குப் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே குரலில்தான் பேசும்.

பல் டாக்டர் சங்கத்தின் தலைவர். இன்ஸ்பெக்டரின் கடைவாய்ப் பல்லுக்கும் அவர்தான் டாக்டர். சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் ஏழு வருடமாக இரண்டாம் பரிசு வாங்குபவர் என்பது கிளினிக் சுவரில் மாட்டியிருந்த சட்டங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

“பாவம் மேடம் அந்த ஆளு. இப்படிச் செய்வான்னு நெனைக்கவே இல்ல” என்று தலையை ஆட்டினார். “பல்லு எப்படி இருக்கு?”

“அது இருக்கட்டும் டாக்டர். காலைல எங்க இருந்தீங்க?”

“விடியறதுக்கு முன்னாடியே குடிலுக்குள்ள. ஏழரை வரைக்கும் எறங்கவே இல்ல. அப்புறம் பின்பக்க வழியா கிளினிக்குக் கிளம்பிட்டேன். மரத்தடிய பாக்கல.”

“யாரும் வரலயா?”

“கூட்டப் பாத்துட்டு இருந்தா வேற எதுவும் கண்ணுல படாது மேடம். சாட்சி வேணும்னா இது இருக்கு.” கேமராவை எடுத்துத் திரையைக் காட்டினார். அடிவயிற்றின் ஆணி வரை தெரிகிற மாதிரி ஒரு சரக்கு விமானம். மூக்கு, வால், இரண்டு இறக்கைகளின் நுனி, எல்லாம் சட்டத்துக்குள் அடங்கியிருந்தன. “ஏழு பத்து. குடிலுக்கு நேர் மேலதான் போகும்.”

அதற்கு முந்தைய படம் கூடு. தாய்க் கழுகு மீனைக் கிழிக்கிறது. கீழே இரண்டு குஞ்சுகள் அலகைத் திறந்திருக்கின்றன. இன்ஸ்பெக்டருக்கே ஒரு கணம் பல்வலி மறந்துபோனது.

“படத்தோட வரிசை நம்பர் அடுத்தடுத்து இருக்கே?”

“ஆமா. கூட்ட எடுத்த கையோட சத்தம் கேட்டுச்சு. அப்படியே கேமராவ மேல தூக்கிட்டேன். நடுவுல மூணு செகண்டு.”

“குடில்லேர்ந்து இவ்வளவு பெருசா எடுக்க முடியுமா?”

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஜூம் லென்ஸையும், கருப்பு வளையம் போன்ற ஒரு சின்னக் குழலையும் எடுத்து ஒன்றோடொன்று மாட்டிக் காட்டினார். “இதான் டெலிகன்வெர்ட்டர். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல உக்காரும். தூரத்துல இருக்கறது ரெண்டு மடங்கு கிட்ட வந்துடும். பழைய சாமான், வேற கம்பெனி. இத மாட்டினது கேமராவுக்கே தெரியாது. லென்ஸ் வளையம் எத்தன எண்ணுல நின்னுச்சோ அதத்தான் படத்தோட எழுதிக்கும்.”

“இத அப்பப்ப கழட்டி மாட்டுவீங்களா?”

“அந்தத் தூசியிலயா? விடியறதுக்கு முன்னாடி மாட்டினது, கிளினிக்ல வந்துதான் கழட்டினேன்.”

இன்ஸ்பெக்டர் லென்ஸை வாங்கிக் கையில் எடை பார்த்தார். சும்மா இருக்க முடியாமல் வளையத்தைத் திருப்பினார். நானூறிலிருந்து உருண்டு வந்தது, முந்நூறில் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

“பயப்படாதீங்க, ஒடஞ்சிடல” என்று டாக்டர் சிரித்தார். “கன்வெர்ட்டரோட மூக்கு லென்ஸுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. அது இருக்கற வரைக்கும் லென்ஸ் முந்நூறுக்குக் கீழ சுருங்காது, அகலமா எடுக்க முடியாது. அதனாலதான் இவ்வளவு பெரிய பை தூக்கிட்டு அலையறேன்.”

இன்ஸ்பெக்டர் நன்றி சொன்னார். நினைவுக்கு வைத்துக்கொள்ளவென்று இரண்டு படங்களையும் தன் போனில் வாங்கிக்கொண்டார். மெமரி கார்டையும் லென்ஸையும் ஒரு நாள் தன்னிடம் விட்டுவைக்கும்படி கேட்டபோது டாக்டர் தயங்கவே இல்லை. பைலட்டின் ஏணிக் கைரேகை பற்றிய செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

ஜீப்பில் கான்ஸ்டபிள் கேட்டார். “பைலட்டக் கூப்பிட்டு உக்கார வெச்சிடலாமா மேடம்?”

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்குக் காலைல எல்லாரும் குடிலுக்கு வரட்டும். டாக்டரையும் கூப்பிடு. அவரு கேமராவோட.”

மறுநாள் ஏழு மணி. குடிலுக்குள் வன அதிகாரி, பைலட், டாக்டர், கான்ஸ்டபிள். ஐந்து பேருக்கு அது சின்ன இடம். எந்த மூச்சு யாருடையது என்று தெரியாத நெருக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

“டாக்டர், நேத்து மாதிரியே மாட்டுங்க.”

டாக்டர் கன்வெர்ட்டரை மாட்டி, இன்ஸ்பெக்டர் நீட்டிய லென்ஸை மாட்டி, கூட்டை எடுத்துக் காட்டினார். ஒற்றைக் குஞ்சு. பெரிதாகத்தான் இருந்தது.

“பாத்தீங்களா மேடம்?”

“பாத்தேன். இப்ப அதக் கழட்டிட்டு எடுங்க.”

கூடு பாதியாய்ச் சுருங்கிப் படத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. “கன்வெர்ட்டர் இல்லாம இங்கேர்ந்து நேத்து படம் வராது. சரிதானே?”

“அதான் நான் சொல்றேனே.”

“சரி. மறுபடி மாட்டுங்க. விமானம் வருது.”

முதலில் பலகைகள் அதிர்ந்தன. பிறகு சத்தம் வந்தது. டாக்டர் கேமராவை மேலே தூக்கினார். வளையத்தைப் பின்னுக்குத் திருப்பினார். அது முந்நூறில் இடித்து நின்றது. மறுபடி திருப்பினார். அப்போதுதான் அவர் கை நின்றது.

“எடுங்க டாக்டர்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் எடுத்தார். சத்தம் போய்ச் சேர்ந்ததும் கான்ஸ்டபிள் திரையை எல்லோருக்கும் காட்டினார். நான்கு சக்கரங்களும் ஒரு துண்டு வயிறும். மூக்கும் இல்லை, வாலும் இல்லை.

“நேத்து உங்க விமானம் முழுசா இருந்துச்சு. லென்ஸ் நின்ன எண்ணுன்னு கேமரா எழுதினத ராத்திரி பாத்தேன். நூறு. கன்வெர்ட்டர் இருந்தா முந்நூறுக்குக் கீழ வராதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப விமானத்த எடுத்தப்ப அது லென்ஸ்ல இல்ல. மூணு செகண்டு முன்னாடி கூட்ட எடுத்தீங்க. இப்ப நீங்க கழட்டினதப் பாத்துட்டுத்தானே இருந்தோம், மூணு செகண்டுல ஆகற காரியமா அது? அப்ப கூட்ட எடுத்தப்பவும் இல்ல. கன்வெர்ட்டர் இல்லாம கூடு அவ்வளவு பெருசா தெரியணும்னா...” இன்ஸ்பெக்டர் குடிலின் திறப்பு வழியாகக் கிட்டத்து மரத்தைக் காட்டினார். “அங்கதான் நிக்கணும். ஏணி மேல.”

பைலட் மெதுவாக நகர்ந்து டாக்டரிடமிருந்து அரை அடி தள்ளி நின்றார்.

“நான் தள்ளல” என்றார் டாக்டர் கடைசியில். “விமானச் சத்தத்துல அவன் வந்தது கேக்கல. எறங்குன்னு ஏணியப் பிடிச்சு ஆட்டினான். நான் கிளையப் புடிச்சுக்கிட்டேன். ஏணி அவன் மேல சரிஞ்சுது. கல்லுல விழுந்தான். கழுகு பயந்து எழும்பினப்ப ஒரு குஞ்சு தண்ணியில போயிடுச்சு. நான் கிளை கிளையா எறங்கிப் போயிட்டேன். கயித்தத் தாண்டினேன்னு வெளிய தெரிஞ்சா சங்கத்துல என்ன வெச்சிருப்பாங்களா? யாராவது வந்து பாப்பாங்கன்னு நெனச்சேன்.”

“எட்டு மணிக்குப் பைலட் வந்தாரு. அது வரைக்கும் அந்த மனுஷன் ரத்தத்துல கிடந்தாரு. நீங்க கிளினிக்ல உக்காந்து படத்துக்கு மெருகு போட்டுட்டு இருந்தீங்க. இன்னொருத்தன் குஞ்சுத் திருடன்னு பேரு வாங்கினப்ப பாவம்னு என்கிட்ட தலையாட்டினீங்க.” இன்ஸ்பெக்டருக்குக் கோபத்தில் குரல் தடித்தது. பல் வலித்ததை அவர் கவனிக்கவே இல்லை.

வன அதிகாரி தொண்டையைச் செருமினார். மேலே அனுப்ப எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காவலாளியின் மனைவி அதே சுவரோரம் நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்து நாற்காலிக்காரிக்கும் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே குரலை உயர்த்தி, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். நாற்காலிக்காரி மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

“அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுறீங்களா?” என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் போனை நீட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“ரெண்டும் இருக்கே.”

“ஆமாம்மா. ஏழு பத்து வரைக்கும் ரெண்டும் இருந்துச்சு. அவரு உங்ககிட்ட பேசி வெச்சதுக்கு அப்புறமும்.”

உள்ளேயிருந்து நர்ஸ் தலையை நீட்டி, அவர் கண் விழிக்கிறார், வீட்டம்மா மட்டும் வரலாம் என்றாள். மனைவி போனைத் திருப்பிக் கொடுத்தாள். கதவு வரை போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“உள்ள போனதும் மொதல்ல குஞ்சுங்க எப்படின்னுதான் கேப்பாரு. என்ன சொல்றது?”

இன்ஸ்பெக்டர் போனைப் பையில் போட்டார்.

“ஒண்ணு நல்லா இருக்குன்னு சொல்லுங்க” என்றார்.