செல்வினின் பூஜ்யம்

காலையில் மிதவைச் சுகாதார நிலையத்தைத் திறந்ததும் செல்வின், மனசின் தயக்கத்தை அளக்கும் தயக்கமானியின் பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிப் பொத்தானை அழுத்துவான். அந்த நேரத்தில் அவன் மனசு எப்படி இருக்கிறதோ, அதுதான் அன்றைய பூஜ்யம்; மற்றவர்களின் தயக்கத்தைக் கருவி அதிலிருந்துதான் அளக்கும். கடல் ஏறிவந்து தூத்துக்குடியில் பாதியை விழுங்கிய பிறகு வந்த ஏற்பாடு இது. பதற்றமே இல்லாத ஆள் வேண்டுமென்று அரசாங்கம் தேர்வு வைத்தது. தேர்வு அறையிலேயே குறட்டை விட்ட செல்வின் முதலாவதாக வந்தான்.

பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும் பெற்றோரும் அந்தப் பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தயக்கம் முப்பதைத் தாண்டினால் உடனே ஊசி கிடையாது, திட்டும் கிடையாது. டாக்டர் நூர்ஜஹான் எதிரே உட்கார்ந்து, கேள்வியெல்லாம் தீரும்வரை பேசியாக வேண்டும். அதுதான் சட்டம்.

அன்று செல்வின் தன் கைக்குழந்தை மெர்சியையும் தூக்கிவந்திருந்தான். பக்கத்துப் படகுத்துறையில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. மகளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினான்.

முதலில் மகளோடு வந்த அந்தோணிசாமிக்கு மைனஸ் பன்னிரண்டு.

"அண்ணாச்சி, நீங்க சிங்கம்லா!" என்று கைகுலுக்கி ஊசி அறைக்கு அனுப்பினான். சிங்கத்தின் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

அடுத்து, மகனோடு மாரிச்செல்வி. பூஜ்யம்.

"யக்கா, உங்களுக்குப் பயமே இல்ல. போங்க."

"உம்ம மெசின் செத்துப்போச்சு. மூத்தவளுக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சு. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. எனக்கா பயமில்ல?"

"மெசின் நல்லாத்தான் இருக்கு. காலைல நானே கட்டி…"

செல்வின் பாதியில் நிறுத்தித் தொட்டிலைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"உம்ம பிள்ளையா? ஏ யப்பா! அப்ப நீரும் நானும் சரிக்குச் சரி பயந்தாங்கொள்ளி!"

அவள் சிரித்த சிரிப்பில் மிதவையே ஆடியது. காலையில் செல்வின் பூஜ்யமாக வைத்தது தன் பயத்தைத்தான். ஊரார் கேட்ட கேள்விகளையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டதாக நினைத்திருந்தான். ஒன்றுகூட வெளியே போகவில்லை. உள்ளேயே குடியிருந்திருக்கின்றன, வாடகை தராமல்.

இருவரும் டாக்டர் முன் உட்கார்ந்தார்கள்.

"டாக்டரம்மா, ராத்திரி காய்ச்சல் வந்து, நான் தூங்கிட்டேன்னா?" என்றான் செல்வின்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வரலாம். ஒரு வாரம் கழிச்சுக்கூட வரலாம். பிள்ள பால் குடிக்காம துவண்டா உடனே கூப்பிடுங்க, படகு வரும். வலிப்பு ரொம்ப அபூர்வம் மாரிச்செல்வி. தட்டம்மைக் காய்ச்சல் அதவிடப் பொல்லாதது. மூத்தவளுக்கு என்ன ஆச்சுன்னு முழுசாச் சொல்லுங்க."

பேசித் தீர்ந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாயிற்று. மாரிச்செல்வி மட்டும் தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் என்ற நினைப்பில் செல்வின் அவள் பக்கம் திரும்பினான்.

"யக்கா, ரொம்ப…"

"போதும்வே. பிள்ள தலையப் பிடியும், சரியுது."

மெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மிதவையின் ஓரத்தில் அந்தோணிசாமி, மடியில் மகளோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் கையில் பஞ்சு இல்லை.

"அண்ணாச்சி, ஊசி போடலையா?"

"பக்கத்துக் கதவு வழியா வந்துட்டேன் தம்பி. பயமில்லன்னு மெசினே சொல்லிட்டு. பொறவு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேள்வி கேக்கது?"

செல்வின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தப்பு மெசின்ல இல்ல, என்கிட்ட. உள்ள ரெண்டு பேருமாப் போவோம். நானும் இப்பத்தான் கேட்டுட்டு வாரேன்."

"நீரா?" அவர் மெர்சியின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். "நல்லா இருப்பீரு தம்பி. மொதல்ல உம்மகிட்டயே ஒண்ணு கேக்கட்டா? பிள்ள ரொம்ப அழுதாளா?"

"அவ கொஞ்சந்தான் அழுதா அண்ணாச்சி," என்றான் செல்வின்.